ஐம்பது வரை ஒப்பிப்பாள், நாலு டம்ளர் எடுத்து வர மாட்டாள்: வீட்டில் எண் பழகிய ஒரு குழந்தையின் ஆறு மாதம்

என் அண்ணன் மகளுக்கு அந்த ஜூனில் வயது மூன்று முடிந்து பத்து மாதம். எல்.கே.ஜி.யில் சேர்த்த நாள் முதல் வீட்டுக்கு யார் வந்தாலும் அவளைக் கூடத்தில் நிறுத்தி, "ஒன், டூ சொல்லு பாப்பா" என்பார்கள். அவளும் மூச்சு விடாமல் ஃபிஃப்டி வரை ஓட்டுவாள். தேர்ட்டீன், ஃபோர்ட்டீன் வரும் இடத்தில் ஒன்றிரண்டு நழுவும், யாரும் கவனிக்க மாட்டார்கள். கைதட்டல் கிடைக்கும், பிஸ்கட் கிடைக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் நாலு பேர். அடுப்படியிலிருந்து மதினி, "பாப்பா, நாலு டம்ளர் எடுத்துட்டு வா" என்றார். இவள் போய் இரண்டு கையாலும் வாரி அணைத்துக்கொண்டு வந்தாள். ஏழு டம்ளர். வழியில் விழுந்து உருண்டதையும் சேர்த்தால் எட்டு. "நாலுதான்டி கேட்டேன்" என்று மதினி சொன்னதற்கு, "இதான் நாலு" என்றாள், கொஞ்சமும் சந்தேகமில்லாமல்.

நான் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுப்பவள். இதே காட்சியை ஆறு வயதுப் பிள்ளைகளிடமும் பார்த்திருக்கிறேன் என்பதால் சிரிப்பு வரவில்லை. அன்று ராத்திரி 40 பக்க நோட்டு ஒன்றை எடுத்தேன். அதில் கார்த்திகை வரை கிறுக்கி வைத்ததுதான் இந்த ஆய்வுக்கு ஆதாரம். ஒரே குழந்தை, ஒரே வீடு. மதுரைக்கு வெளியே, முற்றமும் திண்ணையும் இன்னும் மிச்சமிருக்கிற வீடு. அப்பத்தா, அண்ணன், மதினி, மூன்றாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகன், நான், பாப்பா என்று ஆறு பேர்.

தொடக்கத்தில் அவளுக்கு என்ன தெரிந்திருந்தது

முதல் வாரத்தில் விளையாட்டுப் போல மூன்று விஷயங்களைச் செய்து பார்த்தேன். ஒரு கிண்ணம் நிறையப் புளியங்கொட்டையை வைத்துக்கொண்டு, "எனக்கு ஒன்னு குடு" என்றேன். சரியாகக் கொடுத்தாள். "ரெண்டு குடு" என்றதும் சரி. மூன்று கேட்டால் சில நேரம் மூன்று, சில நேரம் ஐந்து. நாலு, அஞ்சு, ஆறு எது கேட்டாலும் ஒரு கைப்பிடிதான்.

அடுத்து, ஐந்து கொட்டையை வரிசையாக வைத்து எண்ணச் சொன்னேன். "ஒன், டூ, த்ரீ, ஃபோர், ஃபைவ்." விரலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வாய் ஓடியது. "சரி, எத்தனை இருக்கு?" என்றேன். மறுபடியும் "ஒன், டூ, த்ரீ..." "அது சரி, மொத்தம் எத்தனை?" மறுபடியும் முதலிலிருந்து. அவளைப் பொறுத்தவரை "எத்தனை" என்ற கேள்விக்கு விடை அந்தப் பாட்டு. கடைசியில் வாயில் வந்த சொல்தான் மொத்தக் கூட்டத்துக்கும் பெயர் என்பது அவளுக்கு இன்னும் தோன்றவில்லை.

மூன்றாவதாகக் கண்டதை நான் தேடிப் போகவில்லை, தானாக அகப்பட்டது. ஃபைவ் என்பதும் அஞ்சு என்பதும் ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியாது. ஃபைவ் பள்ளிக்கூடத்தில் இருப்பது. அஞ்சு, கடைக்காரரிடம் அப்பத்தா சொல்வது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

இது மந்தம் ஒன்றுமில்லை. அமெரிக்க உளவியலாளர் கேரன் வின் 1990இலும் 1992இலும் வெளியிட்ட ஆய்வுகளில் இதே கைப்பிடிதான் வருகிறது. நன்றாக எண்ணத் தெரிந்த குழந்தையிடம் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பொம்மை கேட்டால் அள்ளிக் கொடுத்துவிடும். முதலில் 'ஒன்று' புரிகிறது, சில மாதம் கழித்து 'இரண்டு', அப்புறம் 'மூன்று'. அதற்குப் பிறகு ஒருநாள், எண்ணுவது எதற்காக என்பதே பிடிபட்டு, மீதி எண்கள் மொத்தமாகக் கைக்கு வந்துவிடுகின்றன. இந்தப் பயணத்துக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகலாம். நம் பாப்பா அதில் இரண்டாம் படியில் நின்றுகொண்டிருந்தாள். கைதட்டியவர்கள் அவளை ஐம்பதாம் படியில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

வாங்கியது

அண்ணன் ஆர்வத்தில் கடைக்குப் போய் எண் அட்டை ஒரு கட்டு, பிளாஸ்டிக் மணிச்சட்டம், எழுதி அழிக்கும் பலகை எல்லாம் வாங்கி வந்தார். அட்டையில் மூன்றே நாளில் பாப்பா கெட்டிக்காரியாகிவிட்டாள். 7ஐக் காட்டினால் உடனே "செவன்". எனக்குச் சந்தேகமாக இருந்தது. பரமபதப் பலகையில் 7 எங்கே என்று கேட்டேன், விழித்தாள். அட்டைக்கட்டில் 7இன் மூலை மடங்கியிருந்தது, அவள் படித்தது அந்த மடிப்பை. மணிச்சட்டம் இரண்டாம் வாரமே தேராகிவிட்டது. கயிறு கட்டித் திண்ணையில் இழுத்துக்கொண்டு திரிந்தாள். அதை வீண் என்று சொல்ல மாட்டேன், நல்ல தேர்.

தட்டு வைத்தல்

பலன் தந்தவற்றில் முதலாவது, ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கிற வேலை. எண்ணச் சொல்லவே இல்லை. "ஆளுக்கு ஒரு தட்டு" என்று மட்டும் சொன்னோம். அவள் அலமாரிக்கும் கூடத்துக்கும் ஒவ்வொரு தட்டாக நடந்தாள். "இது அப்பத்தாவுக்கு, இது அப்பாவுக்கு, இது அண்ணனுக்கு" என்று ஆள் பேர் சொல்லியே வைத்தாள். ஆறு தட்டுக்கு ஆறு நடை, கால் மணி நேரம் ஆகும். ரசம் ஆறிப்போகும். மதினி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார் என்பதைப் பதிவு செய்தாக வேண்டும். வேலை முடிந்து வந்த மனிதருக்கு இது லேசான காரியமில்லை.

எண்ணுதலுக்கு அடியில் இருப்பது இந்த ஒன்றுக்கு ஒன்றுதான். உளவியலாளர்கள் ராஷெல் கெல்மனும் ராண்டி கேலிஸ்டலும் 1978இல் எண்ணும் திறமையைப் பிரித்துக் காட்டியபோது முதலில் வைத்தது இதை: ஒரு பொருளுக்கு ஒரு சொல், விடுதலும் கூடாது, இரட்டிப்பும் கூடாது. அதன் பிறகு சொற்களின் மாறாத வரிசை, கடைசிச் சொல்லே தொகை என்ற அறிவு. பாப்பாவிடம் வரிசை மட்டும் பளிச்சென்று இருந்தது, மற்ற இரண்டும் இல்லை.

தட்டு வைப்பதில் எனக்குப் பிடித்தது, தப்பைச் சுட்டிக்காட்ட ஆள் தேவைப்படாததுதான். ஒரு தட்டு குறைந்தால் ஒருவர் வெறுந்தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அப்பத்தா அப்படி உட்கார்ந்தார். ஒன்றும் பேசவில்லை, தரையைத் தடவிப் பார்த்தார். பாப்பா விழுந்தடித்து ஓடினாள். தப்பைப் பொருளே சொல்லிவிட வேண்டும் என்பது மரியா மாண்டிசோரி வலியுறுத்திய கருத்து. 1907இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய அதே அம்மையார், 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார். தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் மாட்டுவது, பெருக்குவது எல்லாம் அவருக்குப் பாடம். இன்றைக்கு அவர் பேர் போட்ட மரச்சாமான்களுக்கு என்ன விலை சொல்கிறார்கள் என்பதை இங்கே இழுக்க வேண்டாம்.

மூன்றாம் வாரம் அண்ணன் வெளியூர் போயிருந்தார். பாப்பா ஐந்தாவது தட்டோடு நின்று, அலமாரியைத் திரும்பிப் பார்த்து, "அப்பா இல்ல, போதும்" என்றாள். எண்ணில்லாமலே செய்த முதல் கழித்தல்.

நான் கெடுத்தது

இந்தச் சந்தோஷத்தில் எனக்குள் இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார். தட்டு வைக்கும்போது, "எத்தனை வச்ச? இன்னும் எத்தனை வேணும்?" படி ஏறும்போது, "எத்தனை படி?" வாழைப்பழம் உரிக்கும்போதும் விடவில்லை. ஒரு வாரம் இப்படி. ஜூலை நடுவில் ஒரு ராத்திரி, தட்டு வைக்க வா என்றதற்கு, "அத்தை, நீ கேக்காத. கேட்டா நான் வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அப்பத்தாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். நோட்டில் அன்றைய பக்கத்தில் இந்த ஒரு வரி மட்டும்தான் இருக்கிறது. பத்து நாள் நான் எதையும் கேட்கவில்லை. பதினொன்றாம் நாள் அவளே தட்டை எடுத்தாள்.

பல்லாங்குழியும் பசுவும்

அந்தப் பத்து நாளில்தான் அப்பத்தா பரணிலிருந்து பல்லாங்குழிக் கட்டையை இறக்கச் சொன்னார். பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி, குழிக்கு ஐந்து முத்து என்றால் 70 முத்து. நாலு வயதுக்கு இது காடு. அப்பத்தா யாரையும் கேட்காமல் காட்டை வெட்டினார். பக்கத்துக்கு மூன்று குழி, குழிக்கு இரண்டு முத்து, ஆக 12. மற்ற குழிகளில் துணியை அடைத்துவிட்டார். எந்தப் பயிற்சிக் கையேடும் இதைவிட நன்றாகச் சொல்லித் தந்திருக்காது.

விதி தெரிந்தவர்களுக்குத் தெரியும்: ஒரு குழியை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். பாப்பா முதலில் கையில் இருந்ததை ஒரே குழியில் கவிழ்த்தாள். அப்பத்தா அவள் கையைப் பிடிக்கவில்லை. தன் முறை வந்தபோது மட்டும் மெதுவாக, "குழிக்கு ஒன்னு... குழிக்கு ஒன்னு" என்று முனகிக்கொண்டே போட்டார். நாலைந்து ஆட்டத்தில் இவளும் முனக ஆரம்பித்தாள். பிறகு நடந்ததை அருகிலிருந்து பார்த்தேன். முத்தைக் குழியில் போட்டதும் விரலை உடனே எடுக்க மாட்டாள். முத்து மரத்தில் தொடும் 'டக்' சத்தம் கேட்ட பிறகுதான் கை நகரும். டக், ஒன்னு. டக், ஒன்னு. விரலுக்கு முன்னால் வாய் ஓடிக்கொண்டிருந்த பிள்ளை, சத்தத்துக்காகக் காத்திருக்கப் பழகிவிட்டாள்.

எங்கள் வீட்டு ஆட்டத்தில் ஒரு குழியில் நாலு முத்து சேர்ந்தால் அது 'பசு', குழிக்கு உடையவர் எடுத்துக்கொள்ளலாம். நான் எதிர்பார்க்காத வேலையைச் செய்தது இந்த விதிதான். பசுவைக் கோட்டைவிட்டால் நஷ்டம் என்பதால் அவள் கண் குழிகளை மேய்ந்துகொண்டே இருக்கும். ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில், எண்ணாமலே, பார்த்த மாத்திரத்தில், "பசு!" என்று கத்தத் தொடங்கினாள். மூன்று இருந்தால் கத்த மாட்டாள். ஐந்து வந்துவிட்டால், "ஐயோ, பசு போச்சு" என்பாள். சிறிய கூட்டத்தின் அளவை எண்ணாமல் கண்ணாலேயே பிடிப்பது மனிதர்களுக்கு மூன்று, நான்கு வரைதான் சுலபம். பல்லாங்குழி அந்த எல்லையில் போய் ஒரு பரிசை வைத்திருக்கிறது.

ஆகஸ்ட் 20ஐ ஒட்டி மதினி மறுபடியும் நாலு டம்ளர் கேட்டார். பாப்பா அடுப்படி வாசலில் நின்று திரும்பி, "பசு மாதிரியா?" என்று கேட்டாள். மதினிக்குப் புரியவில்லை. அப்பத்தாதான் திண்ணையிலிருந்து, "ஆமாத்தா, பசு மாதிரித்தான்" என்றார். நாலு டம்ளர் வந்தது.

மூக்கில் போன மொச்சை

இதே ஆகஸ்டில் ஒரு விபத்து. சோழி போதவில்லை என்று காய்ந்த மொச்சைக்கொட்டையை ஆட்டத்துக்கு எடுத்திருந்தோம். ஒரு சாயங்காலம் பாப்பா ஒரு பக்க மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். விசாரித்தால், "பசுவ உள்ள வச்சுட்டேன்" என்கிறாள். காய்ந்த பருப்பு ஈரத்தில் ஊறிப் பெருக்கும். வீட்டில் கொண்டையூசியால் எடுக்கப் பார்த்தால் இன்னும் உள்ளேதான் போகும். நல்லவேளையாக யாரும் கை வைக்கவில்லை. பக்கத்து மருத்துவமனையில் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிட்டார்கள், எங்களுக்கு விழுந்த திட்டுதான் பத்து நிமிடம்.

அதன் பிறகு பெரிய சோழி மட்டும்தான், அதுவும் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது மட்டும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் கொட்டையும் முத்தும் தரைக்கு வரவே கூடாது, மூச்சுக்குழாயில் போனால் உயிருக்கே ஆபத்து. இன்னொன்று: அப்பத்தாவின் பழைய முத்துப் பையில் மஞ்சாடியோடு குன்றிமணியும் கலந்து கிடந்தது. சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த குன்றிமணி அழகுதான், ஆனால் தோல் உடைந்தோ மென்றோ வயிற்றுக்குள் போனால் கொடிய விஷம். பொறுக்கி எடுத்து வெளியேற்றினோம்.

டபரா

இது என் தோல்வி, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டபராவும் டம்ளரும் உள்ள எந்த வீட்டிலும், குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் ஜான் பியாஜேயின் சோதனைச் சாமான் தயாராக இருக்கிறது. டபராவில் இருந்த பாலை அவள் கண் முன்னாலேயே உயரமான டம்ளரில் ஊற்றி, "இப்ப எது நிறைய?" என்றேன். "டம்ளர்." திருப்பி ஊற்றினால், "இப்ப கொஞ்சம்." ஒரு வாரம் விதவிதமாக ஊற்றிக் காட்டினேன். பாத்திரம் மாறினாலும் அளவு மாறாது என்பது ஏழு வயதை ஒட்டித்தான் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நிலைப்படும் என்று பியாஜே சொன்னதைப் படித்துவிட்டு, நாலு வயதுக்காரியிடம் மல்லுக்கட்டியது என் தப்பு. அவளுக்குக் கிடைத்த லாபம், சிந்தாமல் ஊற்றப் பழகியது. அது சின்ன லாபமில்லை. தன் பாலைத் தானே ஆற்றிக்கொள்கிறாள்.

பத்துக் கட்டம்

பரமபதம் முன்பே தோற்றிருந்தது. நூறு கட்டம், ஒரு வரிசை வலமாக, அடுத்த வரிசை இடமாக வளைந்து ஏறும். பாம்பு கடித்தால் அழுகை வேறு. செப்டம்பரில் முற்றத்தில் சுண்ணாம்புக்கட்டியால் பத்துக் கட்டம் நேர்வரிசையாகப் போட்டு 1 முதல் 10 வரை எழுதினேன். கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் 2008இல் வெளியிட்ட ஆய்வின் நகல் இது. அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள், கட்டங்களில் எண் எழுதிய நேர்ப்பலகையில் இரண்டு வாரத்தில் நாலு தடவை, தடவைக்குக் கால் மணி போல விளையாடினார்கள். எது பெரிய எண் என்று சொல்வதிலும், எண்ணைக் கோட்டில் சரியான இடத்தில் காட்டுவதிலும், எண்ணுவதிலும் முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்தும் அது நிலைத்திருந்தது. எண்ணுக்குப் பதிலாக நிறம் பூசிய பலகையில் அதே நேரம் ஆடியவர்களுக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

அவர்கள் சுழற்றும் முள் வைத்து 1 அல்லது 2 விழ வைத்தார்கள். நாங்கள் புளியங்கொட்டை ஒன்றை ஒரு பக்கம் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கினோம். வெள்ளை விழுந்தால் ஒன்று, கறுப்பு விழுந்தால் இரண்டு. காய் அவளேதான், கட்டத்தில் குதிக்க வேண்டும். ஒரே ஒரு விதியில் மட்டும் நான் கறாராக இருந்தேன். மூன்றில் நிற்கிறாய், இரண்டு விழுந்தது என்றால், "ஒன்னு, ரெண்டு" என்று குதிக்கக் கூடாது. "நாலு, அஞ்சு" என்று கட்டத்தின் பேரைச் சொல்லிக் குதிக்க வேண்டும். இது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து சொல்லிப் பார்த்துத்தான் அடுத்த எண்ணைக் கண்டுபிடித்தாள். அண்ணன் மகன் எதிராளியாக வந்ததும் வேகம் கூடியது. தங்கை திணறினால் அவன் தப்பான எண்ணைச் சொல்லிக் குழப்புவான், இவள் கோபத்தில் சரியானதைச் சொல்வாள். அந்தக் கோபம் செய்த உபகாரத்தை நான் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியவில்லை.

தமிழில் ஆடியதால் இன்னொரு வசதியும் கிடைத்தது. அக்டோபரில் கட்டத்தை இருபதாக நீட்டியபோது பதினொன்னு, பன்னெண்டு, பதிமூணு எல்லாம் 'பத்தும் ஒன்னும், பத்தும் ரெண்டும்' என்று அவள் காதுக்கே ஓரளவு கேட்டது. ஆங்கிலத்தில் லெவன், ட்வெல்வ் என்பதில் பத்து ஒளிந்துகொண்டிருக்கிறது. சீன, அமெரிக்கக் குழந்தைகளை ஒப்பிட்டு 1995இல் வந்த ஓர் ஆய்வில், பத்து வரை இரு தரப்பும் சமமாகப் போய், பத்தைத் தாண்டியதும் பத்து வெளிப்படையாகக் கேட்கும் சீன மொழிக் குழந்தைகள் முந்தினார்கள். பாப்பா ஒருநாள் இருபத்தொன்பதுக்கு அடுத்து 'இருபத்திப் பத்து' என்றாள். நான் திருத்தவில்லை. கணக்கு சரி, பேர்தான் தப்பு.

நவம்பர் நிலை

அதே கிண்ணம், அதே புளியங்கொட்டை. ஆறு வரை கேட்டதைச் சரியாகக் கொடுத்தாள். ஏழு, எட்டு கேட்டால் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தாள், பாதியில் பேச்சுக் கொடுத்தால் தொலைத்துவிடுவாள். "எத்தனை இருக்கு?" என்றால் கடைசிச் சொல்லை மட்டும் திருப்பிச் சொன்னாள். ஃபைவும் அஞ்சும் ஒன்றுதான் என்பது எப்போது புரிந்தது என்று நோட்டில் இல்லை. அக்டோபரில் எப்போதோ பிடிபட்டிருக்க வேண்டும்.

இவ்வளவும் இந்த விளையாட்டுகளால்தான் வந்தது என்று நான் சாதிக்க மாட்டேன். ஆறு மாதத்தில் வயதும் ஆறு மாதம் கூடியிருக்கிறது, பள்ளிக்கூடமும் நடந்திருக்கிறது. ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு அதைப் பிரித்துச் சொல்ல வழியில்லை. இரண்டு விஷயங்களை மட்டும் தைரியமாகச் சொல்வேன். நாலு என்பது அவளுக்குப் பல்லாங்குழியில் வந்தது, நாளும் வாரமும் சொல்ல முடியும். அப்புறம், நான் கேள்வி கேட்ட வாரத்தில் அவள் கை வேலை குறைந்தது.

கார்த்திகை தீபத்தன்று வாசலுக்கு ஆறு படி. "படிக்கு ரெண்டு விளக்கு வை, ஆத்தா" என்று அப்பத்தா ஒரு தட்டு நிறைய ஏற்றாத அகல் கொடுத்து அனுப்பினார். அதில் ஒன்பதுதான் இருந்திருக்கிறது. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். கீழிருந்து ஒவ்வொரு படியாக வைத்துக்கொண்டு வந்தாள். ஐந்தாம் படியில் ஒன்று வைத்ததோடு தட்டு காலி. அந்தப் படியை ஒரு தடவை, மேல்படியை ஒரு தடவை பார்த்தாள். காலியான இடங்களை விரலால் தொட்டாள். ஒன்று, அப்புறம் இரண்டு. உள்ளே ஓடி, "அப்பத்தா, மூணு குறையுது" என்றாள். அப்பத்தா பேச்சுவாக்கில் நாலை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். பாப்பா கையைப் பார்த்தாள், ஒன்றை எடுத்துத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள்.